கூடங்குளம்: ஒரு கணினி, இரண்டு அறிக்கைகள்

கவிதையும் கதையும் பேசக் கூடியிருக்கும் இடத்தில் நச்சுநிரல்களுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்களுக்குக் கணினி அறிவியல் தொழிலன்று. எங்களில் பலர் விசைப்பலகையில் தமிழ் எழுத்தைக் கொண்டுவருவதற்கே ஒரு காலத்தில் பெரும்பாடு பட்டவர்கள். ஆனால் வாசிப்பு எங்கள் வேலை. ஒரு பிரதி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, எதைச் சொல்வதுபோல் காட்டி வேறொன்றைச் சொல்கிறது என்று பார்ப்பதில் எங்களுக்குச் சற்றே பழக்கம் உண்டு. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வெளியான இரண்டு சிறு அறிக்கைகளை அந்தப் பழக்கத்தோடு அருகருகே வைத்து வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றை வாசிக்கக் கொஞ்சம் நச்சுநிரல் பாடமும் தேவைப்படுகிறது. அதைத் தவிர்க்க முடியவில்லை.

முதல் அறிக்கை அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து வந்தது. அதற்கு முந்தைய நாள் சமூக ஊடகத்தில் ஒரு செய்தி பரவியிருந்தது. சந்தேகத்துக்குரிய கோப்புகளைப் பரிசோதிக்க உலகெங்குமிருந்து பலரும் அனுப்பி வைக்கும் வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் நச்சுநிரல் மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது, அதனுள் கூடங்குளம் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கப்பெயர் பொதிந்திருக்கிறது என்பது அச்செய்தி. தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பில் முன்பு பணியாற்றிய புக்ராஜ் சிங், அரசுக்கு இது செப்டம்பர் 4ஆம் தேதியே தெரிவிக்கப்பட்டுவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். நிலையத்தின் அறிக்கை இதற்கு மறுமொழியாக வந்தது. சமூக ஊடகங்களில் பொய்யான தகவல் பரப்பப்படுகிறது. கூடங்குளத்திலும் பிற இந்திய அணுமின் நிலையங்களிலும் உள்ள கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையமைப்போடும் இணையத்தோடும் தொடர்பற்றவை. ஆகவே அவற்றின்மீது இணையவழித் தாக்குதல் சாத்தியமில்லை. இவ்வளவுதான் சாரம். முதல் உலை 1000 மெகாவாட்டிலும் இரண்டாம் உலை 600 மெகாவாட்டிலும் எவ்விதக் கவலையுமின்றி இயங்கிக்கொண்டிருப்பதாக ஒரு வரியும் அதில் இருந்தது.

மறுநாள், அக்டோபர் 30. இம்முறை மும்பையிலிருந்து, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகமே பேசியது. கழகத்தின் அமைப்பில் நச்சுநிரல் கண்டறியப்பட்டது சரியே. செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் எனப்படும் அரசின் கணினி அவசரநிலைக் குழு இதைத் தெரிவித்தது. அணுசக்தித் துறையின் வல்லுநர்கள் உடனே ஆராய்ந்தனர். தொற்றுக்கு உள்ளான கணினி, நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனருடையது. முக்கியமான உள்வலையமைப்பிலிருந்து அது பிரிக்கப்பட்டது. உலை அமைப்புகள் பாதிக்கப்படவில்லை.

இரண்டையும் மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டுகிறோம். முதல் அறிக்கையில் நேரடியான பொய் ஒன்றேனும் இருக்கிறதா என்று தேடினால், 'பொய்யான தகவல்' என்ற அந்தத் தொடரைத் தவிர வேறொன்றும் எளிதில் அகப்படாது. கேட்கப்பட்டது, உங்கள் கணினியில் நச்சுநிரல் புகுந்ததா என்று. சொல்லப்பட்டது, எங்கள் உலையின் கட்டுப்பாட்டு அமைப்பைத் தாக்க முடியாது என்று. வீட்டில் திருடன் வந்தானாமே என்று அக்கம்பக்கத்தார் கேட்க, இரும்புப் பெட்டி பூட்டியிருக்கிறது என்று பதில் சொல்வதுபோல. இரும்புப் பெட்டி பூட்டியிருந்தது மெய்யாகவே இருக்கலாம். நாங்கள் அதை நம்பவே விரும்புகிறோம். அது மெய்யல்ல என்பதற்கு எந்தச் சான்றும் இன்றுவரை வெளிவரவில்லை. ஆனால் திருடன் வந்து போனதும் மெய். செப்டம்பர் 4 முதல் அக்டோபர் 29 வரை 55 நாட்கள் அந்த மெய்யைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவ்வளவு நாட்களுக்குப் பிறகும் முதற்சொல்லாக வந்தது மறுப்பு.

அந்தத் திருடன் எப்படிப்பட்டவன் என்பதற்கு முன், அவனுடைய இனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கணினியில் இணையம் திடீரென்று நின்றுபோனால் நாம் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது வைரஸைத்தான். அந்தச் சந்தேகத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு. 2008ஆம் ஆண்டு இறுதியில் உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் என்ற புழு, தான் புகுந்த கணினியிலிருந்து நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களுக்கும் விண்டோஸின் திருத்தங்களை வழங்கும் தளத்துக்கும் போகும் வழியை மட்டும் அடைத்துவிடும். மற்றத் தளங்களெல்லாம் வழக்கம்போலத் திறக்கும். இதைக் கண்டுபிடிக்க அதற்கெதிராகக் கூடிய வல்லுநர் குழு செய்த ஏற்பாடு எங்களை வியக்க வைத்தது: ஒரே பக்கத்தில் அடைபடக்கூடிய தளங்களின் சின்னங்களையும் அடைபடாத தளங்களின் சின்னங்களையும் வரிசையாக வைத்தார்கள். முதல் வரிசை உங்களுக்குத் தெரியவில்லையென்றால் புழு உள்ளே இருக்கிறது. கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொல்வதைப்போல, எது தெரிகிறது என்பதைவிட எது தெரியவில்லை என்பதைக் கொண்டு நோயை அறிவது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளும் இதே தன்மையுடையவைதாம். ஒரே இணைப்பில் கைபேசியில் திறக்கும் தளம் கணினியில் திறக்கவில்லையென்றால் பழுது பெரும்பாலும் இணைப்பில் இல்லை, கணினியில் இருக்கிறது. எண் முகவரியைக் கொண்டு எட்ட முடிகிற ஒரு தளத்தைப் பெயரைக் கொண்டு எட்ட முடியவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் இடத்தில் யாரோ கை வைத்திருக்கலாம். விண்டோஸில் ஹோஸ்ட்ஸ் என்ற சிறு எழுத்துக்கோப்பு ஒன்று உண்டு. அதில் நாம் எழுதாத வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். உலாவியின் அமைப்புகளில் நாம் வைக்காத ப்ராக்ஸி முகவரி ஏதும் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கட்டளைச் சாளரத்தில் நெட்ஸ்டாட் என்ற கட்டளையைக் கொடுத்தால், இந்தக் கணத்தில் நம் கணினி எந்தெந்த முகவரிகளோடு பேசிக்கொண்டிருக்கிறது, எந்த எண்ணுள்ள நிரல் பேசுகிறது என்ற பட்டியல் கிடைக்கும். அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரில் உள்ள பெயரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பெயர் மட்டும் போதாது, இருப்பிடமும் முக்கியம். விண்டோஸின் சொந்த நிரலின் பெயரைச் சூடிக்கொண்டு வேறேதோ தற்காலிகக் கோப்புறையிலிருந்து ஓடுகிற ஒன்று மரியாதைக்குரிய விருந்தாளியாக இருக்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். எங்களில் ஒருவருடைய கணினியில் இணையம் நாள் கணக்கில் நின்றும் ஓடியும் துன்புறுத்தியது. தேடித் தேடிக் கடைசியில் கண்டது, நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள் இரண்டு ஒரே கணினியில் நிறுவப்பட்டு, ஒன்றையொன்று நச்சுநிரலென்று சந்தேகித்து வழிமறித்துக்கொண்டிருந்தன என்பதே. சிறுபத்திரிகை உலகத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஏதுமில்லை.

இணையம் நின்றுபோவதற்குக் காரணம் எப்போதும் கணினிக்குள்ளேயே இருப்பதில்லை என்பதையும் எங்கள் பகுதியினர் அறிவார்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணைய சேவையை நிறுத்திவைக்க மாநில அரசு உத்தரவிட்டது. எந்த ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தாலும் அதற்கு விடை கிடைத்திராது.

கூடங்குளத்துக்குத் திரும்புவோம். வழியை அடைக்கும் நச்சுநிரல் ஒருவகையில் நேர்மையானது. அது தன்னை அறிவித்துவிடுகிறது. தளம் திறக்கவில்லை, அஞ்சல் போகவில்லை, கணினி திணறுகிறது என்று நாம் எரிச்சலடைந்து யாரையாவது அழைப்போம். கூடங்குளத்தின் நிர்வாகக் கணினியில் இருந்தது இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. டி-ட்ராக் என்று அதற்குப் பெயர். காஸ்பர்ஸ்கை நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று, கூடங்குளச் செய்தி வெடிப்பதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் முன்னரே, அதைப்பற்றி விரிவாக எழுதியிருந்தது. இந்திய ஏடிஎம் இயந்திரங்களில் அட்டை விவரங்களைத் திருடிய ஒரு நிரலை 2018இல் ஆராயப் புகுந்து, அதன் உறவுமுறையைத் தேடிப் போனபோது அவர்களுக்குக் கிடைத்தது டி-ட்ராக். இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆராய்ச்சி மையங்களிலும் அது காணப்பட்டதாக அவர்கள் குறிப்பிட்டார்கள்.

டி-ட்ராக் எதையும் அடைப்பதில்லை. விசைப்பலகையில் தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்கிறது. உலாவி சென்றுவந்த இடங்களின் பட்டியலை எடுக்கிறது. கணினியின் முகவரி, அது இணைந்துள்ள வலையமைப்புகள், அந்தக் கணத்தில் உயிரோடிருக்கும் இணைப்புகள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், வன்தட்டுகளிலுள்ள கோப்புகளின் பெயர்கள் எல்லாவற்றையும் திரட்டுகிறது. மேலே நாம் சொன்ன நெட்ஸ்டாட் சோதனையை அதுவே நம் கணினியில் நமக்குத் தெரியாமல் செய்துகொள்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஒளிந்துகொள்வதிலும் தேர்ந்தது: விண்டோஸின் சொந்த நிரலொன்றைத் தொடங்கி, அதன் உட்பகுதியைக் காலிசெய்து, தான் அதற்குள் குடியேறிக்கொள்ளும். கூடுவிட்டுக் கூடு பாய்தல். டாஸ்க் மேனேஜரில் பெயரும் சரியாக இருக்கும், இருப்பிடமும் சரியாக இருக்கும்.

வைரஸ்டோட்டலில் கிடைத்த மாதிரியில் கவலைக்குரிய ஒன்று இருந்தது. நிலையத்தின் பெயர், ஓர் உள்வலை முகவரி, நிர்வாகிக் கணக்குக்கான விவரங்கள் ஆகியவை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. திரட்டியதை உள்வலையிலேயே இன்னொரு கணினியில் கொண்டுபோய் வைக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. தெருவில் போகிறவன் கதவு திறந்திருக்கக் கண்டு உள்ளே நுழைந்த கதையன்று இது. இந்த நிரலை எழுதியவர்களுக்கு இந்த வீட்டின் அறைகள் முன்பே தெரிந்திருக்கின்றன. அதாவது இதற்கு முன்னும் ஒரு வருகை இருந்திருக்க வேண்டும். வலையமைப்பின் கடவுச்சொற்களையும் அனுமதிகளையும் ஆளும் மையக் கணினி வரைக்கும் அவர்கள் எட்டியிருக்கிறார்கள் என்று புக்ராஜ் சிங் சொன்னது இதைத்தான். 'ஒரு பயனருடைய கணினி' என்று இரண்டாம் அறிக்கை சொல்லும்போது வாசகர் மனத்தில் எழும் சித்திரம், யாரோ ஓர் எழுத்தர் தவறான இணைப்பைச் சொடுக்கிவிட்டார் என்பது. மாதிரி தரும் சித்திரம் வேறு. இரண்டாம் அறிக்கையையும் நாம் முதலாவதைப் போலவே மெல்ல வாசிக்க வேண்டும்.

டி-ட்ராக்கை லாசரஸ் என்ற குழுவோடு காஸ்பர்ஸ்கை தொடர்புபடுத்தியது. அக்குழு வடகொரிய அரசைச் சார்ந்தது என்பது பல நாடுகளின் கணிப்பு. இடிந்தகரை மாதா கோயிலில் லாசருவின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். புதைத்து நான்கு நாட்களான பிறகும் எழுந்து வந்தவன் அல்லவா.

'தனித்து நிற்பது, இணையத்தோடு தொடர்பற்றது' என்ற தொடரை அணுமின் நிலையத்தார் மட்டுமல்ல, உலகெங்கும் இத்தகைய நிலையங்களை நடத்துவோர் அனைவரும் ஒரு மந்திரம்போல் சொல்கிறார்கள். பொறியியல் நோக்கில் அது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் கம்பி இல்லையென்பதால் வழி இல்லையென்று ஆகிவிடாது. அந்த இடைவெளியை ஒவ்வொரு நாளும் மனிதர்கள் கடக்கிறார்கள், அவர்கள் சட்டைப்பையில் பென் டிரைவ் இருக்கிறது. ஈரானின் நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் மையமும் இணையத்தோடு தொடர்பற்றதுதான். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், யூஎஸ்பி வழியாகப் பரவும் திறனோடு அங்கே சென்று, சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பிடித்து, மையவிலக்கு இயந்திரங்களின் சுழற்சி வேகத்தை மாற்றிச் சிதைத்தது. அப்போதும் கட்டுப்பாட்டறைத் திரைகளில் எல்லாம் இயல்பாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் குண்ட்ரெம்மிங்கன் அணுமின் நிலையத்தில் 2016இல், எரிபொருள் கோல்களை நகர்த்தும் அமைப்போடு தொடர்புடைய ஒரு கணினியில் ராம்னிட்டும் நமக்கு மேலே அறிமுகமான கான்ஃபிக்கரும் இருந்தன; கூடவே 18 பென் டிரைவ்களிலும் நச்சுநிரல் கிடைத்தது. இணையத் தொடர்பு இல்லாததால் அவை அங்கே ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தன. மந்திரம் வேலை செய்தது என்று சொல்லலாம். மந்திரத்தைத் தாண்டி அவை உள்ளே வந்தன என்றும் சொல்லலாம். நாங்கள் கவனிக்க விரும்புவது மூன்றாவது ஒன்றை: அந்தச் செய்தியை வெளியிட்டவர்கள் நிலையத்தை நடத்தியவர்களே.

அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு உலகத்து வலையமைப்புகளையெல்லாம் அடைத்தது. வெறும் 376 பைட் அளவுள்ளது. இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியைவிடச் சிறியது. தன்னையே ஓயாமல் நகலெடுத்து அனுப்பிக்கொண்டேயிருப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது. அந்த நெரிசலில் மற்ற எதுவும் நகர முடியாது. அதை முறியடிக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. டேவிஸ்-பெஸ்ஸியில் தீயரண் இருந்தது, அது ஸ்லாமரைத் தடுக்கும்படியும் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஓர் ஒப்பந்ததாரரின் வலையமைப்பிலிருந்து தீயரணைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும் இணைப்பு ஒன்றும் இருந்தது. புழு அவ்வழியே அலுவலக வலைக்கும், அங்கிருந்து நிலையத்தின் வலைக்கும் போயிற்று. உலையின் பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் திரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இயங்கவில்லை. நல்லவேளையாக வேறொரு பழுதுக்காக உலை அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. பழைய ஊசிமுள் அளவுகோல்கள் புழுவுக்கு எட்டாமல் ஒழுங்காக வேலை செய்தன. 'நிர்வாக வலைதானே' என்று யாரேனும் சொல்லும்போது எங்களுக்கு நினைவுக்கு வருவது இந்த ஒப்பந்ததாரரின் கம்பிதான்.

அங்கும் நிறுவனம் தானாக முன்வந்து ஊரைக் கூட்டிச் சொல்லிவிடவில்லை. ஏழு மாதம் கழித்து ஒரு செய்தியாளர் எழுதினார். ஆனால் அதன் பிறகு சில நாட்களிலேயே, 2003 ஆகஸ்டில், அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நடந்தது என்ன, எந்தக் கம்பி வழியாக, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் எழுதி, எல்லா நிலையங்களுக்கும் அனுப்பி, பொதுமக்கள் வாசிக்கவும் வைத்தது. இன்று திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஓஹாயோவின் கம்பியைப் பற்றி எழுத முடிகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கணினியைப் பற்றி எழுத, பெயர் தெரியாத ஒருவர் எங்கோ பதிவேற்றிய மாதிரியை நம்ப வேண்டியிருக்கிறது.

செய்தி வராத இடத்தில் வதந்தி வரும். அக்டோபர் 19 அன்று இரண்டாம் உலை நின்றுபோயிருந்தது. நீராவி உருவாக்கியில் நீர்மட்டம் குறைந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. அதை ஐயுற எந்தக் காரணமும் எங்களிடம் இல்லை. நச்சுநிரலுக்கும் அந்த நிறுத்தத்துக்கும் தொடர்பிருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. ஆயினும் ஒன்பது நாட்கள் கழித்து நச்சுநிரல் செய்தி வந்ததும் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அவர்களை அறிவற்றவர்கள் என்று கடிந்துகொள்வது எளிது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே, இன்ன நாள் நிர்வாகக் கணினியில் இன்னது கண்டறியப்பட்டது, உலைக்குத் தொடர்பில்லை என்று நான்கு வரி வெளியிட்டிருந்தால் அக்டோபர் 19இன் நிறுத்தம் வெறும் நீர்மட்டச் செய்தியாகவே கடந்துபோயிருக்கும். முதல்நாள் மறுப்பு, மறுநாள் ஒப்புதல் என்று வந்தபோது, மூன்றாம் நாள் என்ன வருமோ என்று காத்திருக்கும்படி மக்களைப் பழக்கியது அந்த அறிக்கைகளை எழுதியவர்களே.

வள்ளியூரைத் தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே கடற்கரை நோக்கிப் போகிறவர்களுக்கு அந்த ஊர்களின் நினைவாற்றல் தெரியும். 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து தொடங்கி, 2002இல் கட்டுமானம், 2011இல் ஃபுகுஷிமாவுக்குப் பின் இடிந்தகரையில் எழுந்த தொடர் உண்ணாநோன்பு, 2013 ஜூலையில் முதல் உலை உயிர்பெற்றது வரை ஒவ்வொன்றையும் அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டது தகவல். நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிட வேண்டுமென்று 2012 ஏப்ரல் இறுதியில் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. கழகம் அதை எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. மீனவர்களின் அச்சம் அறியாமையிலிருந்து பிறக்கிறது என்று அந்நாட்களில் நாளிதழ்களில் எழுதப்பட்டதை நாங்கள் வாசித்திருக்கிறோம். அறியாமை எங்கிருந்து பிறந்தது என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. எங்களில் இருவர் இதைப்பற்றி ஒரு முழு இரயில் பயணம் சண்டையிட்டிருக்கிறார்கள். ஆனால் உலை இருக்கிறது. மேலும் நான்கு அலகுகளின் கட்டுமானமும் அதே வளாகத்தில் தொடங்கியிருக்கிறது. அதன் மதிற்சுவருக்கு வெளியே ஊர்கள் இருக்கின்றன. இவ்விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை.

பாதுகாப்புக் காரணம் என்ற வாதத்தை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. எந்தத் துவாரத்தின் வழியே எதிரி வந்தான் என்று உடனே உலகுக்கு அறிவிப்பது அடுத்தவனுக்கு வழி சொல்வதாகும். துவாரம் அடைபடும் வரை வாய் மூடியிருப்பதில் தவறில்லை. வந்தது யார் என்பதைச் சொல்வதில் அயலுறவுச் சிக்கல்களும் உண்டு. ஆனால் வந்தான் என்பதையே மறைப்பதால் எதிரிக்கு எந்த நட்டமுமில்லை. அவனுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. அந்த 55 நாட்களில் யாருக்குத் தெரியாமல் இருந்தது என்று ஒரு பட்டியல் போட்டால், நச்சுநிரலை எழுதியவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். அமைச்சகத்தார் இருக்கமாட்டார்கள். செட்டிகுளமும் இடிந்தகரையும் இருக்கும், வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் இருக்கும். நவம்பரில் அங்கே கேள்வி எழுந்தபோது, நிர்வாக வலையமைப்பு மட்டுமே பாதிக்கப்பட்டது என்றும், இணைய இணைப்புகள் இறுக்கப்பட்டு, எடுத்துச் செல்லத்தக்க சேமிப்புக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, தீங்கான முகவரிகள் தடுக்கப்பட்டுள்ளன என்றும் பதில் வந்தது. பென் டிரைவுக்குக் கட்டுப்பாடு வந்ததே என்று மகிழலாம். அதுவரை என்ன நிலைமை என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

அதன் பிறகு நிலைமை எங்கே போயிருக்கிறது? 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டில் எந்த நிறுவனத்தின் கணினிகளில் இத்தகைய ஊடுருவல் கண்டறியப்பட்டாலும் ஆறு மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. வரவேற்கத்தக்கது. நிறுவனத்திலிருந்து அரசுக்குச் செய்தி ஆறு மணி நேரத்தில் போய்விடும். அரசிடமிருந்து மக்களுக்கு எத்தனை மணி நேரத்தில் என்று அந்த ஆணையில் தேட வேண்டாம். அடுத்த ஆண்டு, 2023 நவம்பரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற அமைப்புகளின் பட்டியலில் செர்ட்-இன் சேர்க்கப்பட்டது. இனி கூடங்குளத்திலோ கல்பாக்கத்திலோ இப்படி ஒன்று நடந்து, அதை முதலில் அறிந்தவர்களிடம் போய்ப் பத்து ரூபாய் கட்டி எப்போது அறிந்தீர்கள் என்று கேட்டால், பதில் சொல்லும் பொதுக் கடமை அவர்களுக்கு இல்லை. ஊழல், மனித உரிமை மீறல் என்று நிறுவினாலன்றி.

நாங்கள் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமன்று. ஒரு பக்கத்தாள். அதில் எந்த நாள் கண்டறியப்பட்டது, எந்த வலையமைப்பில், எத்தனை கணினிகளில், அது என்ன செய்யும் வகை, உலை அமைப்புகளோடு தொடர்புண்டா, யார் பரிசோதித்தார்கள் என்ற ஆறு விவரங்கள் போதும். துவாரத்தின் அடையாளம் வேண்டாம், எதிரியின் பெயர் வேண்டாம். துவாரம் அடைபட்ட பின், முப்பது நாட்கள் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அதை வெளியிடட்டும், நிலையத்தார் அல்ல. தன் வீட்டுத் திருட்டைத் தானே விசாரித்துத் தானே அறிக்கையும் விடும் ஏற்பாட்டின் விளைவைத்தான் 2019இல் பார்த்தோம். இன்னொன்றும் உண்டு. அக்டோபர் 29, 30 ஆகிய இரு நாள் அறிக்கைகளும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அந்தப் பக்கத்தாள் தமிழிலும் இருக்க வேண்டும், கூடங்குளம் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் இடிந்தகரை கோயில் வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். 'தனித்து இயங்கும் கட்டுப்பாட்டு அமைப்பு' என்பதைக் கட்டுமரக்காரர் ஒருவர் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்றால், எங்களிடம் நேரம் இருக்கிறது.